அமெரிக்க அஞ்சல் சேவையை நிமிர்த்த ஆறு வழிகள்: எதற்கு என்ன விலை?

2024 நிதியாண்டில் அமெரிக்க அஞ்சல் சேவைக்கு 950 கோடி டாலர் நட்டம். அடுத்த ஆண்டில் 900 கோடி. கணக்கு வெளியாகும்போதெல்லாம் அதே கூச்சல்தான். ஒரு தரப்பு நிர்வாகத்தைத் திட்டும், மறு தரப்பு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திட்டும், மூன்றாவதாக ஒருவர் எழுந்து அமேசானைத் திட்டுவார். பிறகு யோசனைகள் வரிசை கட்டும்: விற்றுவிடலாம், வரிப்பணம் கொடுக்கலாம், சனிக்கிழமைப் பட்டுவாடாவை நிறுத்தலாம், ஸ்டாம்பு விலையை ஏற்றலாம், தபால் நிலையத்திலேயே வங்கி நடத்தலாம்.

இவற்றில் எதை ஆதரிப்பது என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். எந்த நட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரிக்காமலேயே மருந்து தேடுவதுதான் குழப்பத்தின் வேர். ஆகவே முதலில் நோய், பிறகு அளவுகோல், அதன் பிறகு வழிகள்.

## நட்டம் ஒன்றல்ல, இரண்டு

2024இன் 950 கோடியில், நிர்வாகத்தின் கைக்கு எட்டிய நட்டம் என்று அஞ்சல் சேவை தனியாகக் காட்டுவது 180 கோடி மட்டுமே. மீதியில் பெரும்பகுதி, ஓய்வூதியப் பற்றாக்குறைக்காகச் சட்டப்படி வரும் தவணைகளும், தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பை வட்டி விகிதம் மாறும்போதெல்லாம் திருத்தி எழுதுவதால் வரும் ஏற்ற இறக்கமும்தான். 2025இல் மொத்த நட்டம் குறைந்தது; ஆனால் கைக்கு எட்டிய நட்டம் 270 கோடியாக ஏறியது. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவருக்கு நிலைமை தேறியதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அன்றாட வியாபாரம் மோசமாகியிருந்தது.

இதன் நேரெதிர் வேடிக்கை 2022இல் நடந்தது. அந்த ஆண்டு 5,600 கோடி டாலர் லாபம்! ஒரு தபால்கூடக் கூடுதலாக வரவில்லை. பழைய பாக்கி சுமார் 5,700 கோடியைச் சட்டம் ஒன்று ரத்து செய்தது, கணக்கேடு லாபம் காட்டியது, அவ்வளவுதான்.

அந்தப் பாக்கி வந்த கதைதான் பழிப் போரின் மையம். 2006 டிசம்பரில் கையெழுத்தான அஞ்சல் சட்டம், ஓய்வு பெறுவோரின் மருத்துவக் காப்பீட்டுக்காக 2007 முதல் 2016 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கோடி டாலரை முன்கூட்டியே நிதியத்தில் போடச் சொன்னது. அதே சட்டம் ஸ்டாம்பு விலையை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிப்போட்டது, புதுத் தொழில்களுக்கும் கதவடைத்தது. செலவுக்கு வேகம், வரவுக்குக் கடிவாளம். இது போதாதென்று 2008இல் பொருளாதாரச் சரிவு வந்தது. 2006இல் 21,300 கோடியாக உச்சத்தில் நின்ற அஞ்சல் எண்ணிக்கை, 2024இல் ஏறத்தாழ 11,200 கோடி. 2012 ஆகஸ்டில் முதல் தவணை தவறியது. அந்த ஆண்டின் நட்டமான 1,590 கோடியில் 1,110 கோடி இப்படி முன்கூட்டியே போட வேண்டிய தவணைகளுக்கானது.

இந்த இடத்தில் இரு தரப்பும் கொஞ்சம் கதை விடுகின்றன. "75 ஆண்டுகளுக்கான பணத்தைப் பத்தே ஆண்டில் கட்டச் சொன்னார்கள், பிறக்காத ஊழியருக்கும் சேர்த்து" என்பது பரவலான பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. குடியரசுக் கட்சியின் சதி என்பதும் முழு உண்மையல்ல. அந்தச் சட்டம் இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தது, செனட்டில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அஞ்சல் சேவை கட்டும் பணம் மத்திய அரசின் கணக்கில் வரவாகத் தெரியும், பற்றாக்குறை சிறிதாகத் தோன்றும் என்ற வரவு செலவுக் கணக்கு வித்தை அதன் பின்னணியில் இருந்தது. மறுபக்கம், "எல்லாம் நிர்வாகக் கோளாறு" என்பவர்கள் அந்த 1,110 கோடியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அதைக் கழித்தாலும் 2012இல் 480 கோடி நட்டம் மிஞ்சுகிறது என்பதைச் சட்டத்தைத் திட்டும் தரப்பு மறந்துவிடுகிறது.

அமேசானின் பார்சலை மலிவாகச் சுமப்பதால்தான் நட்டம் என்ற பழி இவற்றைவிடப் பலவீனமானது. பார்சல் போன்ற போட்டிச் சேவைகள் தங்கள் நேரடிச் செலவை ஈடுகட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். பொதுச் செலவில் அவை எவ்வளவு பங்கு சுமக்க வேண்டும் என்பதில் மட்டுமே நியாயமான வாதத்துக்கு இடம் உண்டு.

## எதை வைத்து அளப்பது?

ஐந்து கேள்விகள் போதும்.

முதலாவது, இந்த வழி எந்த நட்டத்தைத் தொடுகிறது: அன்றாட நட்டத்தையா, ஓய்வூதியச் சுமையையா? இரண்டாவது, எவ்வளவு, எத்தனை சீக்கிரம்? மூன்றாவது, சுமை யார் தலையில் விழுகிறது: அனுப்புகிறவர், பெறுகிறவர், ஊழியர், வரி கட்டுகிறவர்? நான்காவது, யார் கையெழுத்து வேண்டும்? ஐந்தாவது, தவறாகப் போனால் திரும்ப முடியுமா?

நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். 1971க்குப் பிறகு அஞ்சல் சேவையின் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரலை நியமிப்பது அதிபர் அல்ல, சேவையின் மேலாண்மைக் குழுவான ஆளுநர் குழு. அந்தக் குழுவின் ஒன்பது பேரை அதிபர் முன்மொழிவார், செனட் ஒப்புக்கொள்ளும். விலைக்கு அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்பு உண்டு. வாரத்துக்கு எத்தனை நாள் பட்டுவாடா, ஓய்வூதியப் பணத்தை எங்கே போடலாம், எவ்வளவு கடன் வாங்கலாம், என்ன தொழில் செய்யலாம் என்பதெல்லாம் நாடாளுமன்றத்தின் கையில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இந்த அமைப்புக்கென்றே சொன்னது போல இருக்கும்.

## வழி 1: விலையை ஏற்றுவது

2020 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம், விலைவாசிக் குறியீட்டுக்கு மேலும் ஏற்றிக்கொள்ள அனுமதி தந்தது. அதன் விளைவு ஸ்டாம்பில் தெரிகிறது: 2021 ஆகஸ்ட் வரை 55 சென்ட். அங்கிருந்து 58, 60, 63, 66, 68, 73, கடைசியில் 2025 ஜூலையில் 78. நான்கு ஆண்டுகளுக்குள் 40 சதவீதத்துக்கு மேல் ஏற்றம்.

நாடாளுமன்றத்தைக் கெஞ்ச வேண்டாம், பணம் அடுத்த மாதமே வரும். அதனால்தான் இது எல்லாருக்கும் பிடித்த கருவி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடிதமும் விளம்பர அஞ்சலும் சேர்ந்து ஆண்டு வருமானம் சுமார் 4,000 கோடி டாலர். விலையை 5 சதவீதம் ஏற்றி, அளவு 3 சதவீதம் இறங்கினால், கையில் நிற்கும் கூடுதல் வருமானம் 75 கோடி அளவு. செலவுப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கோடி, அதில் முக்கால் பங்கு ஆள்செலவு. அது 3 சதவீதம் ஏறினாலே 200 கோடி. பார்சல் விலையை ஏற்றிச் சமாளிக்கலாமென்றால் அங்கே போட்டியாளர்கள் காத்திருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு. விலைக்குப் பயந்து மின்னஞ்சலுக்கு மாறிய மின்சார பில், விலையைக் குறைத்தாலும் தாளுக்குத் திரும்பி வருவதில்லை. கடிதம் குறைந்தாலும் தபால்காரர் நடக்க வேண்டிய தெரு குறைவதில்லை, கூடுகிறது. 2006இல் 14.6 கோடி முகவரிகள், இப்போது 16.5 கோடிக்கு மேல். அன்று ஒரு முகவரிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,450 உருப்படிகள், இன்று அதில் பாதிக்கும் குறைவு. விலையேற்றம் இந்த வகுத்தலை மாற்றாது. விலைக்கு முதலில் அடிபடுவது தனிக் கடிதம் எழுதுகிறவர் அல்ல; சிற்றூர் வார இதழ்கள், பட்டியல் புத்தகம் அனுப்பும் வணிகர்கள், நன்கொடை கேட்டுக் கடிதம் போடும் அறநிலையங்கள்.

எப்போது இது சரி? பொது விலைவாசி ஏறும் ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரு முறை, முன்கூட்டியே தேதி சொல்லி. ஜனவரியிலும் ஜூலையிலும் இரண்டிரண்டு முறை ஏற்றியதில், மொத்தமாக அனுப்புகிறவர்களால் தங்கள் நிதித் திட்டத்தையே போட முடியாமல் போனது. 2026 ஜனவரியில் ஸ்டாம்பு விலையைத் தொடாமல் விட்டது நல்ல மாற்றம்.

## வழி 2: சேவையைக் குறைப்பது

இது ஒரே வழியல்ல, நான்கைந்து வழிகளின் மூட்டை. பிரித்தால்தான் எது லாபம், எது வெறும் சத்தம் என்று தெரியும்.

சனிக்கிழமைப் பட்டுவாடா. ஐந்து நாளாக்கினால் ஆண்டுக்கு 310 கோடி மிச்சம் என்று அஞ்சல் சேவை சொன்னது. ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் அதே கணக்கைச் சரிபார்த்து 170 கோடிதான் என்றது. சனிக்கிழமைத் தபால் காணாமல் போவதில்லை, திங்கட்கிழமை மூட்டையில் ஏறிக்கொள்கிறது. தாமதத்தால் விலகிப்போகும் வாடிக்கையாளரின் வருமானமும் போகிறது. 2013இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் பாட்ரிக் டோனஹோ, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைக் கடிதப் பட்டுவாடா இல்லை என்று அறிவித்தார். நாடாளுமன்றம் கண்ணை உருட்ட, ஏப்ரலில் பின்வாங்கினார். பழைய பாக்கியை ரத்து செய்த அதே 2022 சட்டம் வாரத்துக்கு ஆறு நாள் என்பதை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டது. பார்சல் வியாபாரம் சனியும் ஞாயிறும் ஓடும்போது, கடிதத்தை மட்டும் நிறுத்தி மிச்சம் பிடிப்பது முன்னைவிடக் கடினம்.

தபால் நிலையங்களை மூடுவது. 2011இல் சுமார் 3,700 நிலையங்களின் பட்டியல் வெளியானது. நாடே கொதித்தது. எதிர்பார்த்த மிச்சமோ ஆண்டுக்கு 20 கோடி டாலர். அந்த ஆண்டின் நட்டம் 510 கோடி! எதிர்ப்பில் திட்டம் கைவிடப்பட்டு, 2012இல் ஏறத்தாழ 13,000 சிறு நிலையங்களின் கவுன்டர் நேரத்தைக் குறைக்கும் திட்டம் வந்தது. அதில் மதிப்பிட்ட மிச்சம் 50 கோடி. மூடுவதைவிட நேரத்தைக் குறைப்பது இரு மடங்குக்கு மேல் பலன், கால்வாசி எதிர்ப்பு. சிறு தபால் நிலையத்தை நட்டம் என்ற ஒரே காரணத்துக்காக மூடக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. நிலையத்தை மூடலாம் என்று பேசுகிற அரசியல்வாதி இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசல் பட்டுவாடாவைக் கூட்டுப் பெட்டிக்கு மாற்றுவது. பேசப்படாத பெரிய மிச்சம் இங்கேதான். 2010களின் தொடக்கக் கணக்குப்படி, வாசலுக்கு வந்து போடும் முகவரிக்கு ஆண்டுச் செலவு சுமார் 350 டாலர், தெருவோரப் பெட்டிக்கு 220, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் நிற்கும் கூட்டுப் பெட்டிக்கு 160. புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கூட்டுப் பெட்டிதான் வைக்கிறார்கள். பழைய தெருக்களை மாற்றுவதில்தான் சிக்கல்: பெட்டி வைக்க இடம் யார் தருவது, பனியை யார் அள்ளுவது, பூட்டை உடைத்துத் திருடினால் யார் பொறுப்பு, நடக்க முடியாத முதியவருக்கு என்ன வழி. மருத்துவக் காரணம் காட்டுவோருக்கு வாசல் பட்டுவாடா தொடரும் என்ற விதிவிலக்கு இல்லாமல் இதைத் தொடங்கினால் அன்றைக்கே தோல்வி.

வேகத்தைக் குறைப்பது. 2021 மார்ச்சில் அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் லூயி டிஜாய் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், நட்டமாகப் போகவிருந்த 16,000 கோடியைத் தடுத்து, வரவும் செலவும் சமன் என்ற நிலைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. 2021 அக்டோபரில் முதல் வகுப்புக் கடிதத்தின் கெடு 1–3 நாளிலிருந்து 1–5 நாளானது. பிறகு பெரிய வட்டார மையங்களில் எல்லாத் தரம் பிரிப்பையும் குவித்தார்கள். ரிச்மண்டில் 2023, அட்லாண்டாவில் 2024. அட்லாண்டா மையம் திறந்த சில வாரங்களில், குறித்த நேரத்தில் வந்த தபால் 36 சதவீதம் என்ற கணக்கு செனட் விசாரணையில் வாசிக்கப்பட்டது.

ஏன் சறுக்கியது? பழைய மையங்களின் வேலை, லாரி நேரம், ஆட்கள், இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய மையத்தை இணையாக ஓடவிட்டு, புதியது நிலைத்த பிறகு மூடும் பொறுமை இல்லை. முற்றத்தில் லாரிகள் வரிசையில் நின்றால், உள்ளே இயந்திரம் எத்தனை வேகமாக இருந்தும் பயனில்லை.

இதன் மறைமுகச் செலவு தபால் முத்திரையில் இருக்கிறது. வட்டார மையத்திலிருந்து 50 மைலுக்கு அப்பால் உள்ள பல நிலையங்களில் மாலை லாரி நின்றுவிட்டது. இன்று போட்ட கடிதம் இரவு அங்கேயே தூங்கி, மறுநாள் போய், மையத்தில் முத்திரை வாங்கும். முத்திரைத் தேதி என்பது போட்ட தேதியாக இருக்க வேண்டியதில்லை என்று 2025 டிசம்பரில் அஞ்சல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். வருமான வரிப் படிவத்துக்கும், சில மாநிலங்களில் வாக்குச்சீட்டுக்கும், இந்தத் தேதிதான் ஆதாரம். கெடு நாளில் அனுப்புகிறவர்கள் கவுன்டரில் கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

வேகக் குறைப்பில் அரசியல் பழியும் கூடுதல். 2020 கோடையில் தரம் பிரிக்கும் இயந்திரங்களை அகற்றியதும் கூடுதல் நேர வேலையைக் கட்டுப்படுத்தியதும், தபால் வாக்குகள் குவியவிருந்த தேர்தலுக்கு முன்னால் வந்து நின்றன. அதிபர் டிரம்ப் அந்த நேரத்தில் அஞ்சல் சேவைக்குக் கூடுதல் நிதி தருவதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மாநிலங்கள் வழக்குப் போட்டன, ஆகஸ்ட் 18 அன்று டிஜாய் மாற்றங்களைத் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைத்தார். செலவுக் குறைப்பா, சதியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். தேர்தல் ஆண்டில் ஜூன் முதல் நவம்பர் வரை தரம் பிரிப்பு மையங்களில் கை வைக்கக் கூடாது என்ற எளிய ஒழுங்கு இருந்திருந்தால், அந்த வாதத்துக்கே இடமில்லை.

## வழி 3: வரிப்பணம் தருவது

எல்லா வீட்டுக்கும் ஒரே விலையில் தபால் என்பது வியாபாரமல்ல, கடமை. அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் அடியில் உள்ள சுபாய் கிராமத்துக்குக் கோவேறு கழுதையில்தான் தபால் இறங்குகிறது. அந்தச் செலவை நியூயார்க்கில் ஸ்டாம்பு வாங்குகிறவர் ஏன் சுமக்க வேண்டும், நாடு முழுவதும் சுமக்கட்டுமே என்பது இந்த வழியின் நியாயம்.

பலருக்குத் தெரியாத விஷயம்: 1970ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பொதுச் சேவைக்காக ஆண்டுக்கு 46 கோடி டாலர் கேட்டுப் பெற இன்னும் இடம் வைத்திருக்கிறது. 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு அஞ்சல் சேவை அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. பார்வையற்றோருக்கான இலவச அஞ்சல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் சிறு தொகை வருகிறது.

கேட்காமல் விட்டதற்குக் காரணமும் உண்டு. பணத்தோடு சேர்ந்து கையும் வரும். 2020இல் கொரோனா நிவாரணச் சட்டம் 1,000 கோடி டாலர் கடன் அனுமதித்தபோது, பெரிய வாடிக்கையாளர்களுடனான ஒப்பந்தங்களைக் காட்டு என்று கருவூலத் துறை நிபந்தனை போட்டது. ஆண்டிறுதியில்தான் அது திருப்பித் தர வேண்டாத பணமானது. இன்னொன்று, 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்த 43 நாளும் தபால் ஓடியது. ஆண்டு ஒதுக்கீட்டை நம்பி இருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே மொத்த நட்டத்தையும் வரிப்பணத்தால் நிரப்புவது மோசமான யோசனை. பெயர் குறித்த கடமைக்கு, குறித்த தொகை என்றால் நல்ல யோசனை.

## வழி 4: விற்றுவிடுவது

2018இல் வெள்ளை மாளிகையின் சீரமைப்புத் திட்டம் ஒன்று இதை முன்வைத்தது. 2025 பிப்ரவரியில், வணிகத் துறையோடு இணைக்கும் பேச்சும் வந்தது. இரண்டுக்கும் நாடாளுமன்றம் வேண்டும்.

விற்றவர்களின் அனுபவத்தைப் பார்த்துவிடுவோம். பிரிட்டன் 2013இல் தன் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலின் பங்கை 330 பென்ஸுக்கு விற்றது. முதல் நாளே விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது, மலிவாக விற்றுவிட்டார்கள் என்ற பழி அரசின் மேல் விழுந்தது. அதைவிட முக்கியம், விற்பதற்கு முந்தைய ஆண்டே பழைய ஓய்வூதியப் பொறுப்பை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இல்லையென்றால் வாங்க ஆளில்லை. அப்போது 60 பென்ஸாக இருந்த முதல் வகுப்பு ஸ்டாம்பு 2025 ஏப்ரலில் 1.70 பவுண்டு. தாமதத்துக்காக ஒழுங்குமுறை அமைப்பு அடுத்தடுத்து அபராதம் போட்டது. 2025இல் நிறுவனம் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கியின் குழுமத்துக்குப் போனது. அதே ஆண்டு ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கடிதத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் போதும் என்று கடமையே தளர்ந்தது.

ஜெர்மனி சமாளித்தது. 2000இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் கடித ஏகபோகத்தை 2007 முடியும்வரை வைத்துக்கொண்டது, அதற்குள் டிஎச்எல் என்ற சரக்கு நிறுவனத்தின் வழியாக உலகச் சரக்குத் தொழிலைக் கட்டிவிட்டது. ஜப்பானில் பிரதமர் கொய்சுமி 2005இல் இதற்காகவே கீழ்சபையைக் கலைத்துத் தேர்தலில் வென்றார். ஆனால் அங்கே விற்பனைக்கு இருந்த அசல் சொத்து, அஞ்சல் வங்கியும் காப்பீடும். அமெரிக்க அஞ்சல் சேவையிடம் வங்கியும் இல்லை, உலகச் சரக்குத் தொழிலும் இல்லை. இருப்பது ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள், பெரிய ஓய்வூதியப் பொறுப்பு, எல்லா முகவரிக்கும் போக வேண்டிய கடமை. அதோடு வேறு யாரும் தபால் போட முடியாத வீட்டுப் பெட்டியின்மீது 1934 முதல் இருக்கும் தனி உரிமை. வாங்குகிறவர் விரும்புவது இந்தக் கடைசி ஒன்றை மட்டும்தான்.

திரும்ப முடியாத வழி இது ஒன்றே. விற்பதற்கு முன் பொறுப்புகளை அரசு ஏற்க வேண்டுமென்றால், அதை ஏற்றுக்கொண்டு விற்காமலே இருந்து பார்க்கலாமே என்ற கேள்விக்கு ஆதரவாளர்களிடமிருந்து நேரான பதில் கிடைப்பதில்லை.

## வழி 5: வங்கியும் புதுத் தொழிலும்

1911 முதல் 1967 வரை அமெரிக்கத் தபால் நிலையங்களில் சேமிப்புக் கணக்கு இருந்தது. 1947இல் உச்சத்தில் ஏறத்தாழ 340 கோடி டாலர் வைப்பு. வங்கிக் கணக்கில்லாதோர் வட்டிக்கடைக்கும் காசோலை மாற்றும் கடைக்கும் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே ஆண்டுக்கு 890 கோடி வருமானம் என்று அஞ்சல் சேவையின் தணிக்கைப் பிரிவு 2014இல் எழுதியது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் போன்றோருக்கு இது விருப்பமான எண்.

2021இல் நான்கு இடங்களில் சோதனை நடந்தது. சம்பளக் காசோலையை, 500 டாலர் வரை, பரிசு அட்டையாக மாற்றித் தரும் சேவை, கட்டணம் 5.95 டாலர். வந்தவர்கள் ஆறே ஆறு பேர். விளம்பரம் இல்லை, பணமாகத் தரவில்லை. வாடகை கட்டப் பணம் வேண்டியவருக்குப் பரிசு அட்டை எதற்கு? புதுச் சேவைக்கு 2006 சட்டம் தடையாக இருப்பதால், முன்பே விற்றுக்கொண்டிருந்த பரிசு அட்டைக்குள் வங்கியைத் திணிக்கப் பார்த்தார்கள். சோதனை தோற்றதை வைத்து வங்கி யோசனையே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் 890 கோடி என்பது வருமானம், லாபமல்ல. கடன் கொடுத்தால் வாராக்கடனும் வரும், கவுன்டர் ஊழியருக்குப் பயிற்சி வேண்டும், பணப்பாதுகாப்பு வேண்டும். சட்டம் மாறினாலும் பலன் தெரியப் பல ஆண்டாகும்.

## வழி 6: ஓய்வூதியக் கணக்கைத் திருத்துவது

சுவாரசியமே இல்லாத வழி. மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்காது. ஆனால் 950 கோடியில் பெரும்பகுதி இருப்பது இங்கேதான்.

மூன்று மாற்றங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, ஓய்வூதிய நிதி முழுவதும் கருவூலப் பத்திரத்தில் மட்டுமே கிடக்கிறது. ஒரு பகுதியைப் பங்குகளிலும் போட அனுமதிப்பது. இரண்டு, 1971க்கு முன் அரசுத் துறையாக இருந்தபோது வேலை செய்தவர்களின் ஓய்வூதியத்தை யார் சுமப்பது என்ற பழைய தகராறு. அஞ்சல் சேவையிடம் 7,500 கோடி கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று தணிக்கைப் பிரிவு 2010இல் சொன்னது. ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய நிறுவனம் 5,000 முதல் 5,500 கோடி என்றது. அரசின் பொறுப்புடைமை அலுவலகமோ இது பிழையல்ல, கொள்கைத் தேர்வு என்றது. மூன்று, 1990களின் தொடக்கத்திலிருந்து அசையாத 1,500 கோடி டாலர் கடன் வரம்பை ஏற்றுவது.

மறைமுகச் செலவு இதிலும் உண்டு. பழைய பொறுப்பு கருவூலத்துக்கு மாறினால் அது வரிப்பணம்தான், வேறு பெயரில். பங்குச் சந்தை விழுந்தால் பற்றாக்குறை இரட்டிக்கலாம். கடன் வரம்பை மட்டும் ஏற்றினால், முடிவெடுப்பதைச் சில ஆண்டு தள்ளிப்போட்டதாக முடியும். அதோடு, இது அன்றாட நட்டத்தை ஒரு டாலர்கூடக் குறைக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நட்டம் | பலன் தெரியும் காலம் | சுமை யார் மேல் | யார் சம்மதம் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| விலை ஏற்றம் | அன்றாடம் | மாதங்கள் | மொத்தமாக அனுப்புவோர் | ஆளுநர் குழு, ஆணையம் | விலை திரும்பும், வாடிக்கையாளர் திரும்பார் |
| சனிக்கிழமை நிறுத்தம் | அன்றாடம் | ஓராண்டு | பெறுவோர், ஊழியர் | நாடாளுமன்றம் | முடியும் |
| கவுன்டர் நேரக் குறைப்பு | அன்றாடம், சிறிது | ஓராண்டு | சிற்றூர்கள் | நிர்வாகம் | எளிது |
| கூட்டுப் பெட்டி | அன்றாடம், பெரிது | பல ஆண்டுகள் | பழைய தெருக்களின் முதியோர் | நிர்வாகம், உள்ளூர் இசைவு | கடினம் |
| மையங்களைக் குவித்தல் | அன்றாடம், உறுதியில்லை | முதலில் செலவு கூடும் | தொலைவூர்கள் | நிர்வாகம் | செலவு அதிகம் |
| வரிப்பணம் | இரண்டும் | உடனே | வரி கட்டுவோர் | நாடாளுமன்றம், ஆண்டுதோறும் | முடியும் |
| விற்பனை | கைமாறும், தீராது | பல ஆண்டுகள் | எல்லாரும் | நாடாளுமன்றம் | முடியாது |
| வங்கி | அன்றாடம், பின்னாளில் | பல ஆண்டுகள் | தொடக்க முதலீடு | நாடாளுமன்றம் | முடியும் |
| ஓய்வூதியத் திருத்தம் | ஓய்வூதியச் சுமை | ஓரிரு ஆண்டு | கருவூலம் | நாடாளுமன்றம் | ஓரளவு |

## யாருக்கு எது?

எங்கள் கணிப்பில் வரிசை முக்கியம். ஆறாவது வழி முதலில். அது தீராதவரை ஒவ்வொரு ஆண்டும் 900 கோடி என்ற எண்ணை வைத்துக்கொண்டு 200, 300 கோடி நட்டத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம். அளவுக்கு மீறி அறுக்கிறோம். அடுத்து, ஆண்டுக்கொரு விலையேற்றமும் கூட்டுப் பெட்டியும் சேர்ந்து. கோவேறு கழுதைத் தபாலுக்கு, அந்த 46 கோடியைக் கேட்டு வாங்குவது.

சிற்றூரில் இருந்து, மருந்தும் காசோலையும் தபாலில் வருகிறவருக்கு, விலையேற்றம் பரவாயில்லை, வேகக் குறைப்புதான் எதிரி. பட்டியல் புத்தகம் அனுப்பும் வணிகருக்கு நேர்மாறு: இரண்டு நாள் தாமதம் தாங்குவார், 10 சதவீத ஏற்றம் தாங்கமாட்டார். வரி கட்டுகிறவராக மட்டும் பார்க்கிறவர் விற்பனையை ஆதரிக்கலாம், ஆனால் ஓய்வூதியப் பொறுப்பு விலையில் அடங்குமா, அரசிடமே தங்குமா என்ற வரியைப் படித்த பிறகு. கடிதம் டென்மார்க்கைப் போல 90 சதவீதம் வற்றிப்போனால் கணக்கே வேறு. அங்கே அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நோர்ட் 2025 முடிவில் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் முதல் வகுப்புக் கடிதம் 2001இன் 10,300 கோடியிலிருந்து 4,400 கோடிக்கு வந்திருக்கிறது. பாதிக்கும் கீழே, ஆனால் அந்த இடத்துக்கு இன்னும் தூரம் உண்டு.

புகார் சொல்லும் முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டர் நேரமும் லாரி நேரமும் மாறினால் அது நிர்வாகம். 2025 ஜூலை முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் டேவிட் ஸ்டெய்னர் பொறுப்பில். ஸ்டாம்பு விலைக்கு ஆளுநர் குழுவும் ஒழுங்குமுறை ஆணையமும். விலையேற்றம் சேவைத் தர மாற்றம் இரண்டையும் பற்றி ஆணையத்திடம் பொதுமக்கள் கருத்து எழுதலாம். சனிக்கிழமை, வங்கி, கடன் வரம்பு, ஓய்வூதியம், விற்பனை ஐந்துக்கும் உங்கள் தொகுதி உறுப்பினரும் இரண்டு செனட்டர்களும்தான். 2022 சட்டம் கீழ்சபையில் 342க்கு 92 என்றும் செனட்டில் 79க்கு 19 என்றும் நிறைவேறியது. உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரோடு இருக்கிறது.